வில்லியம் கோட்டையும் ஒரு மாணாக்கன் கேட்ட கேள்வியும்



1994ஆம் ஆண்டு. நான் ஆசிரியத் தொழிலில் அமர்ந்து இரண்டு ஆண்டுகள் நிரம்பவில்லை. பத்தாம் வகுப்பிற்கு இலங்கை வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். ஒல்லாந்தர் ஆட்சி ஒழிந்து ஆங்கிலேயர் ஆட்சி தோன்றிய வரலாறு அன்றைய பாடம். ஒல்லாந்தக் கம்பனியாரிடம் சம்பளம் பெற்று இலங்கையிற் காவல் செய்துவந்த டி மியூரன் படை என்னும் சுவிற்சர்லாந்துக் கூலிப்படை 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பக்கம் மாறிற்று. அடுத்த ஆண்டு பெப்ரவரியிற் கொழும்பு வீழ்ந்தது என்று கரும்பலகையில் எழுதினேன். பின் வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, "சேர், அந்தப் படையாட்கள் பிறகு எங்கே போனார்கள்?" என்று கேட்டான். "அது பாடத்திட்டத்தில் இல்லை, இரு" என்றேன். அவனும் இருந்துவிட்டான்.

உண்மை என்னவெனில், எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று வகுப்பிற் சொல்லும் துணிவு இளம் ஆசிரியனுக்கு எளிதில் வருவதில்லை. அதன்பின் அந்தப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தினேன். ஒவ்வொரு முறையும் அப்படையினர் கரும்பலகையின் ஓரத்திலே நின்றுவிடுவர். அவர்களுக்கு அப்பால் நான் போனதில்லை. அவர்கள் போன இடத்தை முப்பத்தொரு ஆண்டுகள் கழிந்து, கனடா நாட்டிலே, தோல் வியாபாரிகளின் கோட்டை ஒன்றின் வாயிலிலே தற்செயலாகக் கண்டேன். அக்கோட்டையைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு விடுமுறைக்கு ரொறன்ரோவில் வாழும் என் தங்கை வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவளுடைய மூத்த மகன் தண்டர் பே என்னும் நகரிலே தொழில் பார்க்கிறான். "மாமா, இங்கே பழைய கோட்டை ஒன்றைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். வந்து பாருங்கள்" என்று அவன் தொலைபேசியில் அழைத்தான். பக்கத்து ஊர் என்று எண்ணிப் புறப்பட்ட எனக்கு, அது தரைவழியே ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் என்பது காரில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. வழியின் நீண்ட பகுதி ஒன்று சுப்பீரியர் ஏரியின் கரையோரமாகச் செல்கிறது. ஏரி என்றதும் நாம் வன்னியிலுள்ள குளங்களை நினைத்துக்கொள்கிறோம். இதுவோ பரப்பளவில் நம் இலங்கையைவிடப் பெரியது. அலை எறிகிறது, அக்கரை தெரிவதில்லை, நாவில் வைத்தால்தான் கடலன்று என்பது விளங்கும்.

அந்த ஏரியின் வடமேற்குக் கரையிலே காமினிஸ்திக்குவியா என்னும் ஆறு வந்து விழுகிறது. பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு ஒரு பகல் வேண்டியிருந்தது. ஆற்றின் வளைவு ஒன்றிலே, மரங்களுக்கிடையில் நிற்பதுதான் வில்லியம் கோட்டை.

யாழ்ப்பாணக் கோட்டையின் முருகைக்கல் மதிலையும் அகழியையும் பார்த்து வளர்ந்த கண்களுக்கு இது கோட்டையாகவே தோன்றவில்லை. சுற்றிவரக் கூர்மையான மரக்கம்பங்களை நெருக்கி நட்ட வேலி. நம்மூர் வளவு வேலியை ஆள் உயரத்திற்கு மேல் உயர்த்திவிட்டாற் போன்றது. உள்ளே நுழைந்தாற் படைவீடுகளை எதிர்பார்த்த இடத்திலே கிட்டங்கிகள் நிற்கின்றன. தோற் கிட்டங்கி, சரக்குக் கிட்டங்கி, கணக்கர் அறை, கொல்லன் பட்டறை, தச்சன் கொட்டில், பீப்பாய் செய்பவன் கொட்டில், தோணி கட்டும் கொட்டில், வெதுப்பகம், வைத்தியன் வீடு என்று 40க்கு மேற்பட்ட கட்டிடங்கள். ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகள் வைத்துப் பெருவணிகம் நடத்தும் ஒரு முதலாளி, தன் கடைக்குச் சுற்றுமதில் எழுப்பி அதற்குக் கோட்டை என்று பெயரிட்டாற் போலவே எனக்குப் பட்டது. அது பெரும் பிழையான எண்ணமுமன்று.

பழைய கோட்டை இதே ஆற்றின் முகத்துவாரத்திலே 1803ஆம் ஆண்டளவில் எழுந்தது. மொன்றியல் நகர வணிகரின் கூட்டாகிய வடமேற்குக் கம்பனி அதுவரை கிராண்ட் போட்டேஜ் என்னும் துறையைத் தன் உள்நாட்டுத் தலைமை நிலையமாகக் கொண்டிருந்தது. எல்லை வகுத்தபோது அந்தத் துறை ஐக்கிய அமெரிக்காவின் பக்கம் விழுந்துவிட்டது. வரி கட்ட விரும்பாத வணிகர் வடக்கே இங்கு வந்து குடியேறினர். 1807ஆம் ஆண்டில், கம்பனியின் தலைவர் வில்லியம் மக்கிலிவ்றேயின் பெயர் கோட்டைக்கு இடப்பட்டது. பின்னர் அந்த வணிகம் நொடிந்து, கோட்டை பாழடைந்து, புகையிரதப் பாதை அவ்விடத்தை விழுங்கிற்று. 1902ஆம் ஆண்டளவிற் கடைசிக் கட்டிடமும் இடிக்கப்பட்டது. பழைய நிலம் இருப்புப் பாதைகளின் கீழே கிடந்தமையால், ஒன்றாரியோ மாகாண அரசினர் ஆற்றின் மேற்புறமாக ஏறத்தாழ 14 கிலோமீற்றர் தள்ளி வேறோர் இடத்திலே அதனை மீண்டும் கட்டி, 1973ஆம் ஆண்டு திறந்துவைத்தனர். பழைய வரைபடங்களும், அக்காலத்தில் வந்துபோன பிரயாணிகள் எழுதிவைத்த குறிப்புகளும், கம்பனியின் ஏடுகளும் இதற்குக் கைகொடுத்தன. ஆகவே நான் பார்த்தது பழைய கோட்டையன்று. பழைய கோட்டையின் அளவெடுத்துத் தைத்த சட்டை.

சட்டையைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைக் கூறவேண்டும். அங்கே பணிபுரிவோர் யாவரும் பழங்கால உடை தரித்து, 1816ஆம் ஆண்டிலேயே வாழ்பவர்போற் பேசுகின்றனர். கணக்கர் அறையில் இருந்த இளைஞன், இறகுப் பேனையை மைக்கூட்டில் தோய்த்தபடி, "தாங்கள் எவ்விடத்திலிருந்து வருகின்றீர்கள்?" என்று வினாவினான். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. "இலங்கையிலிருந்து. சென்ற ஆண்டுதான் கண்டி இராச்சியம் உங்கள் அரசரின் கையில் விழுந்தது" என்றேன். அவன் ஒரு கணம் திகைத்து, "அப்படியாயின் கறுவா கொண்டுவந்திருப்பீர்களே" என்றான். என் மருமகன் சிரித்துவிட்டான். அந்த இளைஞன் மாத்திரம் சிரிக்கவில்லை. தொழிலில் அவ்வளவு கருத்து.

இத்தனை கட்டிடங்களும் எதற்காக? ஒரு தொப்பிக்காக என்றால் நம்புவீர்களா? பீவர் என்பது நீரிலும் நிலத்திலும் வாழும் ஒரு விலங்கு. தன் பற்களால் மரங்களைத் தறித்து ஓடைகளுக்குக் குறுக்கே அணை கட்டி, அந்த நீரின் நடுவே வீடு அமைத்து வாழ்வது. அதன் தோலிலே வெளிப்புறம் நீண்ட முரட்டு மயிரும் அடியிலே பஞ்சுபோன்ற மென்மயிரும் உண்டு. அந்த மென்மயிரின் இழைகள் நுண்ணிய கொளுவிகள் உடையன. அமுக்கி நனைத்துச் சூடேற்றினால் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு, நெய்யாமலே துணிபோலாகும். மழைக்குக் குலையாத அந்தத் தடிப்பிலிருந்துதான் ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிகள் செய்யப்பட்டன. ஐரோப்பாவிலிருந்த பீவர்கள் பெரும்பாலும் வேட்டையாடி ஒழிக்கப்பட்ட பின்னர், வியாபாரிகளின் பார்வை அத்திலாந்திக் கடலுக்கு அப்பாற் சென்றது. இலண்டன் வீதியிலே ஒருவர் தொப்பியைக் கழற்றி மற்றொருவருக்கு வணக்கம் செலுத்த, ஐயாயிரம் மைலுக்கு அப்பாலே ஓர் ஓடையின் அணை காவலின்றி உடைந்துபோயிற்று. தொப்பி செய்த தொழிலாளரும் தப்பவில்லை; மயிரைப் பதப்படுத்தப் பயன்படுத்திய பாதரசம் அவர்களின் நரம்பைக் கெடுத்தது.

தோல்களிலே விலை கூடியது புதிய தோலன்று, பழைய தோல். நாட்டின் ஆதிக்குடிகள் மயிர்ப்புறம் உடலில் உரசும்படி போர்வையாகத் தைத்து ஒன்றிரண்டு குளிர்காலம் அணிந்த தோலிலே முரட்டு மயிர் தானாக உதிர்ந்து, மென்மயிர் எண்ணெய்ப் பதம் ஏறி நிற்கும். தொப்பிக்காரர் அதற்கே ஆசைப்பட்டனர். ஒருவர் உடுத்துக் கழித்ததை மற்றவர் முதற்றரம் என்று வாங்கிய வணிகம் இது ஒன்றுதானோ என்னவோ!

மொன்றியலிலிருந்து இக்கோட்டைக்குத் தோணியில் வர ஆறு முதல் எட்டு வாரம் செல்லும். இங்கிருந்து வடமேற்கே தோல் கிடைக்கும் காடுகளுக்குப் போக மேலும் பல வாரங்கள். ஆறுகள் உறைந்திராத காலமோ ஆண்டிற் பாதிதான். ஒரே தோணி இரு முனைகளுக்கும் சென்று மீளுதல் இயலாது. ஆகவே, கிழக்கிலிருந்து சரக்கு ஏற்றிய தோணிகளும் மேற்கிலிருந்து தோல் ஏற்றிய தோணிகளும் யூலை மாதத்தில் இங்கே சந்தித்துப் பொதி மாற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பும். அச்சந்திப்பு நடக்கும் சில வாரங்களில் மாத்திரம் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இங்குத் திரளுவர். மற்றை மாதங்களிற் சிறு காவற்குடியே மிஞ்சும். கிட்டங்கியிலே அந்தச் சரக்குகளின் மாதிரிகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஆங்கில நாட்டுக் கம்பளி, செப்புக் கேத்தில், துப்பாக்கி, வெனிசு நகரத்துப் பாசிமணி, சீனத்துச் சாதிலிங்கப் பொடி, பிரேசில் நாட்டிலிருந்து முறுக்கி வந்த புகையிலை. சாராயப் பீப்பாய்களும் உண்டு. ஆதிக்குடிகளின் வாழ்வை அவை குலைத்ததைக் கிட்டங்கியிலிருந்த பெண் மறைக்காமற் சொன்னாள்.

தோல்களை மரச்செக்குப் போன்ற ஓர் அமுக்கியில் இட்டு அழுத்திச் சிப்பங்களாகக் கட்டுகிறார்கள். சிப்பம் ஒன்றின் நிறை 90 இறாத்தல். நம் புகையிலைச் சிப்பங்களை எனக்கு நினைவூட்டியது அது. ஆறு பாறைகளிற் பாய்ந்து விழும் இடங்களிலே தோணியையும் சரக்கையும் தோளிற் சுமந்து கரைவழியே கடக்கவேண்டும். பிரெஞ்சுக் கனேடியராகிய தோணிக்காரர், 'வோயாஜர்' எனப்படுவோர், ஒவ்வொருவரும் ஒரு நடையில் இரண்டு சிப்பம் சுமப்பது வழக்கம். ஒரு தோல்வாரை நெற்றியிலே கொடுத்து, முதற் சிப்பத்தை முதுகில் தொங்கவிட்டு, இரண்டாவதை அதன்மேல் ஏற்றிக்கொண்டு, குனிந்தபடி ஓட்டமும் நடையுமாகப் போவார்கள்.

வருவோர் தூக்கிப் பார்ப்பதற்கென ஒரு சிப்பம் அங்கே கிடந்தது. "மாமா, வேண்டாம், நாரி பிடித்துவிடும்" என்று மருமகன் தடுத்தான். அதிபருக்குரிய வீம்போடு வாரை நெற்றியில் மாட்டினேன். எழுந்திருக்க முடியவில்லை. நெற்றியில் அந்த வார் இறுகியபோது, மலைநாட்டுத் தோட்டங்களிலே கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சரிவேறும் பெண்கள் கண்முன் வந்தனர். மலையகத்தில் ஐந்து ஆண்டுகள் கற்பித்தவன் நான். அந்தக் கயிற்றின் தழும்பை என் மாணவிகளின் தாய்மார் தலையிற் கண்டிருக்கிறேன். அதன் இறுக்கத்தை அறிந்தது அன்றுதான்.

தோணிக்காரர் நாள்தோறும் பதினான்கு, பதினாறு மணிநேரம் துடுப்பு வலித்தனர். மணிக்கொரு தரம் சுங்கான் புகைக்க ஓய்வு. அதனால் வழித்தூரத்தையே சுங்கான் கணக்கில் அளந்தார்கள். நம்மவர் கூப்பிடு தூரம் என்றாற்போல, அவர்கள் 'அந்த ஏரி மூன்று சுங்கான் நீளம்' என்பார்கள். மொன்றியல் தோணிக்காரருக்கு உணவு, அவித்த சோளமும் கொழுப்பும். மேற்கே குளிர்காலம் முழுதும் கிடந்து வருவோர் அவர்களைப் 'பன்றிக்கொழுப்புத் தின்னிகள்' என்று ஏளனம் செய்வர். நீரில் மாண்டவர் பலர்; பாரம் தூக்கிக் குடலிறக்கம் கண்டு மாண்டவரும் பலர்.

கோட்டையின் நடுவே உயர்ந்து நிற்பது பெரிய மண்டபம். கம்பனியின் பங்காளரும் கணக்கரும் அதனுள் உண்பர். தோணிக்காரருக்கு அங்கே இடமில்லை. வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேசைகளில் சீனக் கோப்பைகள். காட்டின் நடுவிலே இப்படி ஓர் ஆடம்பரம் எதற்கு என்று முதலில் எண்ணினேன். பிறகு விளங்கிற்று: மொன்றியல் துரைமாரும், காட்டிலே தாடி வளர்த்து வந்த பங்காளரும் ஆண்டுக்கொருமுறை முகம் பார்த்து இலாபம் பிரிக்கும் இடம் அது. கௌரவம் அங்கே அரைப்பங்கு மூலதனம்.

அம்மண்டபத்தின் சுவரிலே ஒரு காலத்தில் தொங்கியது டேவிட் தொம்சன் வரைந்த பெரும் நிலப்படம். அட்சர தீர்க்க ரேகைகளை வானத்தைப் பார்த்துக் கணித்து, கண்டத்தின் மேற்பாதியை நடந்தும் துடுப்பு வலித்தும் அளந்த மனிதர் அவர். மூலப்படம் இன்று ஒன்றாரியோ மாகாணச் சுவடிக்கூடத்தில் இருக்கிறது. என் மனம் அப்படத்தைவிட அவருடைய மனைவியிடமே சென்றது. காட்டிற்குப் போன வணிகர் ஆதிக்குடிப் பெண்களை நாட்டு வழக்கப்படி மணப்பது வழமை. அப்பெண்களின் உறவின் வழியாகவே தோலும் வந்தது, வழியும் தெரிந்தது, குளிரில் உயிரும் தங்கிற்று. ஓய்வு பெற்று மொன்றியலுக்குத் திரும்பும்போது, அவர்களிற் பலர் மனைவியையும் மக்களையும் காட்டிலேயே விட்டுவிட்டுப் போயினர். போய் வேறு மணமும் செய்தனர். தொம்சன் அவ்வாறு செய்யவில்லை. ஸ்கொத்லாந்துத் தந்தைக்கும் கிறீ இனத் தாய்க்கும் பிறந்த சார்லட் ஸ்மோல் என்பவரை 1799ஆம் ஆண்டில் மணந்தவர், அவரையும் பிள்ளைகளையும் கிழக்கே கூட்டிச் சென்று இறுதிவரை வாழ்ந்தார். 1857ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர் வறுமையில் இறந்தார். மூன்று மாதம் பொறுத்து அந்த அம்மையாரும் போய்ச் சேர்ந்தார்.

கோட்டை வேலிக்கு வெளியே, ஆற்றோரமாக, அனிசினாபே மக்களின் குடியிருப்பு ஒன்றும் அமைத்திருக்கிறார்கள். மரப்பட்டையால் வேய்ந்த குவிந்த குடில்கள். அங்கே எங்களை வரவேற்ற பெண் அவ்வினத்தைச் சேர்ந்தவள். அவள் 1816ஆம் ஆண்டில் வாழ்பவள்போற் பேசவில்லை. தன் காலத்துப் பெண்ணாகவே பேசினாள். பூர்ச்சமரப் பட்டையை உரித்து, தேவதாரு வேரை நாராகக் கிழித்து, அதனால் தோணியைத் தைத்து, பொருத்துகளுக்கு மரப்பிசினைக் காய்ச்சிப் பூசும் முறையைக் காட்டினாள். 36 அடி நீளமுள்ள மொன்றியல் தோணியில் ஓர் இரும்பாணியும் இல்லை. கம்பனியின் வணிகம் முழுவதும் இந்தப் பட்டைத் தோணியிலே மிதந்தது. தோணி இவர்களின் அறிவிலே மிதந்தது. காட்டரிசியும் மேப்பிள் மரத்துச் சர்க்கரையும் பனிக்காலணியும் இவர்கள் கொடுத்தவை.

"கோட்டைக்குள்ளே கணக்கேடுகளைப் பார்த்தீர்களா?" என்று அவள் கேட்டாள். பார்த்தேன் என்றேன். "பிசின் இத்தனை, பட்டை இத்தனை, வேர் இத்தனை என்று எழுதியிருக்கும். தைத்தவளின் பெயர் எழுதியிருக்காது" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. கோட்டையைத் திரும்பக் கட்டியவர்கள் அந்த ஏடுகளைப் பார்த்தே கட்டினர். ஏட்டிலே எவருக்கு இடமில்லையோ அவர்களுக்கு எந்த அளவில் வீடு கட்டுவது? ஆயினும் அந்தக் குடிலும், அதன் வாயிலில் அவளும் இருந்தமை எனக்கு ஆறுதலளித்தது. அந்தப் பட்டைக் குடிலிலே கழித்த அரைமணி நேரத்திற் கற்றது பெரிய மண்டபத்திற் கற்றதிலும் அதிகம்.

1850ஆம் ஆண்டில் இந்தக் கரையோர மக்களோடு முடியரசு ஓர் உடன்படிக்கை செய்தது. நிலத்திற்கு ஈடாக ஆண்டுதோறும் பணம் தருவதாகவும், நிலத்தின் வருமானம் பெருகினால் அதுவும் பெருகும் என்றும் அதில் எழுதப்பட்டது. காடும் சுரங்கமும் கோடி கோடியாகக் கொடுத்தன. 1875ஆம் ஆண்டிலே ஆளுக்கு 4 டொலர் என்று உயர்த்தப்பட்ட தொகை, அதன்பின் உயர்த்தப்படவேயில்லை. 2024ஆம் ஆண்டு யூலை மாதத்திலே கனடாவின் உயர் நீதிமன்றம், முடியரசு தன் வாக்குறுதியை மீறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. இவற்றை அந்தப் பெண் ஏதோ வீட்டுக்கணக்குச் சொல்வதுபோல அமைதியாகச் சொன்னாள்.

இனி என் மாணாக்கனின் கேள்விக்கு வருகிறேன். கோட்டை வாயிலில் வருவோருக்காக மாட்டியிருந்த நிலப்படத்தில், கோட்டை நிற்கும் ஆற்றுவளைவின் பெயரைப் படித்தபோது என் கால்கள் நின்றுவிட்டன. 'டி மியூரன் முனை' என்று இருந்தது. "என்ன மாமா?" என்றான் மருமகன். "இந்தப் பெயரை எனக்குத் தெரியும், கொழும்பிலிருந்து தெரியும்" என்றேன். அவன் வெயிலில் நான் களைத்துவிட்டதாக நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

அப்படையின் கதை நம் நேயர் பலர் பள்ளியிற் கேட்டதுதான். நியூசாத்தல் நகரத்துச் சார்ள்ஸ் டி மியூரன் என்னும் பிரபு 1781ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கம்பனிக்காகத் திரட்டிய படை அது. நன்னம்பிக்கை முனையிலே காவல் இருந்து, பின் இலங்கைக்கு வந்தது. இங்கே அதை நடத்தியவர் அவருடைய தம்பி பியர் டி மியூரன். 1795ஆம் ஆண்டில், ஹியூ கிளெக்கோர்ன் என்னும் பேராசிரியர் நியூசாத்தலுக்குப் போய்ப் பிரபுவோடு விலை பேசிப் படையை ஆங்கிலேயர் பக்கம் திருப்பினார். தம்பிக்கு அனுப்பிய செய்தியை ஒல்லாந்துப் பாற்கட்டி ஒன்றினுள் ஒளித்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. பின்னர், 1797ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் காரணங்களை ஆராய்ந்த டி மியூரன் ஆணைக்குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அந்தத் தம்பியே. பாடநூல் அவ்வளவில் நின்றுவிடுகிறது.

படை நிற்கவில்லை. ஆங்கிலேயரின் சம்பளத்திலே இந்தியாவுக்குச் சென்று, 1799ஆம் ஆண்டிலே திப்பு சுல்தானுக்கு எதிராகச் சீரங்கப்பட்டினப் போரில் நின்றது. அவ்வூரிலுள்ள ஆங்கிலேயர் காலத்து இடுகாட்டிலே அப்படையைச் சேர்ந்தோரின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. அங்கிருந்து ஐரோப்பாவுக்கு மீண்டு, மத்தியதரைக் கடற் பிரதேசத்திற் காவல் செய்தது. ஆட்கள் மாண்டும் விலகியும் போக, நெப்போலியனின் சேனையைவிட்டு ஓடிவந்த பல நாட்டவர் அவ்விடங்களை நிரப்பினர். பெயரும் கொடியும் பழையவை; முகங்கள் புதியவை. 1813ஆம் ஆண்டில் கனடாவுக்குக் கப்பலேறி, ஐக்கிய அமெரிக்காவுடன் நிகழ்ந்த போரில் ஈடுபட்டது. போர் முடிந்தது. 1816ஆம் ஆண்டில் படை கலைக்கப்பட்டது. கையிலே தொழில் துப்பாக்கி ஒன்றே, அந்நிய நாடு, வேலையில்லை.

அந்த வேளையில் செல்கேர்க் பிரபு என்பவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவர் வடமேற்குக் கம்பனிக்குப் பரம எதிரியாகிய ஹட்சன் குடாக் கம்பனியின் பெரும் பங்காளர். செவ்வாற்றங்கரையிலே ஸ்கொத்லாந்து ஏழைகளைக் குடியேற்றியவர். அந்தக் குடியேற்றம், மேற்கிலிருந்து வடமேற்குக் கம்பனியாரின் தோணிக்காரருக்கு உணவு வரும் பாதையின் குறுக்கே இருந்தது. சமவெளியிலே எருமை வேட்டையாடி வாழ்ந்த மெற்றிசு மக்களின் நிலத்திலும் இருந்தது. பகை முற்றி, 1816ஆம் ஆண்டு யூன் 19ஆந் திகதி செவன் ஓக்சு என்னும் இடத்திலே, குடியேற்றத்தின் தேசாதிபதியும் அவரைச் சேர்ந்த இருபது பேரளவினரும் கொல்லப்பட்டனர். செல்கேர்க் பிரபு, கலைந்த டி மியூரன் படையினர் நூறு பேரளவில் நிலம் தருவதாகச் சொல்லிச் சேர்த்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வழியிலே செய்தி எட்டியது. நேரே வில்லியம் கோட்டைக்குத் திரும்பினார்.

ஆகஸ்டு 12ஆந் திகதி அவர்கள் ஆற்றிலே தோன்றினர். மறுநாள் பிடியாணையோடு படையினர் வாயிலை நெருக்கி உட்புகுந்தனர். துப்பாக்கி வெடிக்கவில்லை, யாருக்கும் காயமில்லை. சீனக் கோப்பைகள் அடுக்கிய மண்டபத்துப் பங்காளரும், மக்கிலிவ்றேயும் கைதாயினர். கிழக்கே விசாரணைக்கு அனுப்பப்பட்ட வழியில் ஏரியிலே ஒரு தோணி கவிழ்ந்து, பங்காளர் ஒருவர் உட்படப் பலர் மாண்டனர். பிரபு அந்தக் குளிர்காலம் முழுவதும் கோட்டையில் தங்கினார். படையினர் பாளையம் இறங்கியிருந்த ஆற்று முனைக்கு அவர்களின் பெயர் ஒட்டிக்கொண்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் கோட்டையைத் திரும்பக் கட்டியவர்கள், அதனைப் பிடித்தவர்களின் பெயர்கொண்ட முனையிலேயே கட்டிவிட்டார்கள். வரலாறு இவ்வாறும் சில வேளை விளையாடுகிறது.

வழக்குகளிற் பணம் கரைந்தது. இரு கம்பனிகளும் 1821ஆம் ஆண்டில் ஒன்றாயின. ஹட்சன் குடா வழியாகக் கப்பல் கண்டத்தின் உட்புறத்துக்கே வரும்போது, மொன்றியலிலிருந்து வாரக்கணக்கில் துடுப்பு வலிப்பது எதற்கு? வில்லியம் கோட்டை மெல்ல மெல்ல மீன் காய்ச்சும் சிறு நிலையமாகிற்று. சில ஆண்டுகளில் பட்டுத் தொப்பி நாகரிகமாகிவிட, பீவர் தப்பியது. வென்ற கம்பனி, 1670ஆம் ஆண்டில் அரசபட்டயம் பெற்றது, பெரும் கடைகளாக மாறி நெடுங்காலம் வாழ்ந்தது. நான் போவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2025ஆம் ஆண்டு யூன் தொடக்கத்திலே, அதன் கடைசிக் கடைகளும் பூட்டப்பட்டன. ரொறன்ரோவில் என் தங்கை எனக்கெனக் கழிவு விலையில் ஒரு கம்பளிப் போர்வை வாங்கி வைத்திருந்தாள்.

திரும்பும் வழியில், பழைய கோட்டை நின்ற இடத்தையும் காட்டும்படி மருமகனைக் கேட்டேன். இருப்புப் பாதைகளும் களஞ்சியங்களும் நிறைந்த ஆற்றங்கரை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவன் காரை நிறுத்தவே விரும்பவில்லை. நான் இறங்கிச் சிறிது நேரம் நின்றேன். எதிர்க்கரையிலே வில்லியம் கோட்டை ஆதிக்குடியினரின் ஒதுக்கு நிலம். மண்டபம் போயிற்று, பங்காளர் போயினர், கம்பனிகள் இரண்டும் போயின. வேலிக்கு வெளியே இருந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி கேட்ட மாணாக்கனை 1995ஆம் ஆண்டு ஐப்பசி இடப்பெயர்வின் பின் நான் காணவில்லை. அன்றிரவு வகுப்பு முழுவதும் சனத்தோடு சனமாகச் செம்மணி வெளியைக் கடந்தது. சிலர் திரும்பி வந்தனர். சிலர் கடல் கடந்ததாகக் கேள்விப்பட்டேன். அவனைப் பற்றி எவரும் சொல்லவில்லை. இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருப்போருள் அவனும் இருப்பானாயின், அவனுக்கு முப்பத்தொரு ஆண்டுக் கடன் ஒன்றைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

தம்பி, அவர்கள் கடைசியிற் செவ்வாற்றங்கரைக்குப் போனார்கள். செல்கேர்க் பிரபு சொன்னபடி நிலம் கொடுத்தார். ஆனால் அவர்களுக்கு உழவு வரவில்லை. 1826ஆம் ஆண்டு ஆறு பெருகி வீடுகளையெல்லாம் கொண்டுபோயிற்று. எஞ்சியிருந்தவர்கள் குடும்பத்தோடு தெற்கே ஐக்கிய அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள்.